மாயாண்டி கொண்டுவந்த கடற்பாசி

அம்மாக்கண்ணுவின் வலது காலில் ஏறியது ஒரு தேயிலைக் குச்சிதான். கவ்வாத்து வெட்டி முடித்த மலையில் விறகுக்கு மிலாறுக் குச்சிகள் பொறுக்கப் போனவள், ஈரச் சரிவில் சறுக்கி, வெட்டுப்பட்டு நின்ற செடியொன்றின் கூர்முனையில் ரப்பர் செருப்போடு காலை வைத்துவிட்டாள். குச்சியைப் பிடுங்கிப் போட்டு, மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாள் கொழுந்தெடுக்கப் போனாள். ஐம்பத்திரண்டு வயது, ஆறு வருஷத்துச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஒரு வாரத்தில் பாதம் வீங்கியது. தோட்டத்து மருந்துக்கூடத்தில் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்தது, மாத்திரையை நிறுத்தினாள். மறுபடி வீங்கியது. வட்டகொடைக் கடைத்தெருவில் வேறு மாத்திரை வாங்கி விழுங்கினாள், அதையும் பாதியில் விட்டாள். டவுன் ஆஸ்பத்திரி வாட்டில் வந்து படுத்தபோது குதிகாலிலிருந்து கணுக்கால் வரை சதை கறுத்திருந்தது.

அந்தப் புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த சீழ் ஷெரோமியின் மேசைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை.

ஷெரோமி ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்து நாலு வருஷம். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். மறுநாள் காலை, சீழைத் தடவி வளரவிட்டிருந்த கண்ணாடித் தட்டைத் திறந்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டு முழுக்கப் பாசிப்பச்சை படர்ந்து, பழுத்த திராட்சையின் வாசனை வீசியது. இந்தக் கிருமியை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பொதுவாக ஏதாவது ஒரு மருந்துக்காவது கட்டுப்படும். பன்னிரண்டு மருந்து வில்லைகளை வைத்து மூடினாள். அடுத்த நாள் பார்த்தால், பதினொரு வில்லைகளின் விளிம்பு வரை கிருமி நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம். அந்த மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. கண்டியிலிருந்து வரவழைத்து ஐந்து நாள் ஏற்றினார்கள். ஆறாம் நாள் அம்மாக்கண்ணுவின் சிறுநீரகம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் பெரிய டொக்டர்.

அப்போதுதான் ஷெரோமிக்குக் கிஷாந்தின் நினைவு வந்தது.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு ஷெரோமி எடுத்தது கடற்பாசி. நாள் முழுக்கக் கோடிக்கணக்கான கிருமிகளுக்கு நடுவே தண்ணீரில் கிடந்தும் இந்தப் பாசி அழுகாமல் நிற்கிறதே, அது எதை வைத்துத் தப்பிக்கிறது என்பதுதான் கேள்வி. தெற்குக் கரையில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய், பாறையில் ஒட்டியிருந்த மண்ணிறப் பாசியைச் சுரண்டி எடுத்து, அலசி, நிழலில் காயப்போட்டு, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வற்றவைப்பார்கள். ஒரு மூட்டைப் பாசி கடைசியில் சின்னக் குப்பியின் அடியில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாரை வைத்தால் சில கிருமிகள் சாகும், சில சாகாது. அவள் வேலைக்கு வந்த பிறகு அந்த ஆய்வு அங்கேயே தொடர்ந்தது. இப்போது அதைப் பார்ப்பவன் கிஷாந்த், அவளுக்கு இளையவன், ஹட்டன்காரன். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி கிடைத்தால் அனுப்பச் சொல்லி வைத்திருந்தான். பெரிய டொக்டரிடம் அனுமதி வாங்கி, அம்மாக்கண்ணுவின் கிருமியைச் சிறு குழாயில் அடைத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. பச்சைத் தட்டு. நடுவில் ஒரு வில்லை. அதைச் சுற்றி, துடைத்துவிட்ட மாதிரி, தெளிவான வட்டம். கீழே கிஷாந்த் எழுதியிருந்தான்: "பதினேழு மில்லிமீற்றர் அக்கா! மூனு தடவ செஞ்சி பாத்துட்டேன்."

ஷெரோமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நாலு வருஷமாக "கட்டுப்படவில்லை, கட்டுப்படவில்லை" என்று எழுதியே கை ஓய்ந்தவள் அவள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாயாண்டி லேப் ஜன்னலில் வந்து நின்றார்.

மாயாண்டி அம்மாக்கண்ணுவின் கணவர். ஐம்பத்தெட்டு வயது. வட்டகொடைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வாட்டில் ரத்தம் எடுத்த குழாயைக் கொண்டுவந்து கொடுப்பதும் ரிப்போட்டை வாங்கிப் போவதுமாக அவருக்கும் ஷெரோமிக்கும் இரண்டு வாரமாகப் பழக்கம்.

"மிஸ், ஒன்னு கேக்கலாங்களா? அந்தக் கிருமிக்கு மருந்தே இல்லேங்கிறது நெசந்தானா?"

"ஏங்க ஐயா, யாரு சொன்னது?"

"வாட்டுல பேசிக்கிறாங்க. எனக்குச் சிங்களம் வெளங்கும்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த மலய வெட்டினது நான்தாங்க. நான் சீவிவிட்ட குச்சிதான் அவ கால்ல ஏறுனது. வெட்டு நல்லா இருக்குன்னு வேலய மேப்பாக்குற கண்டாக்கையா வேற சொன்னாரு."

ஷெரோமியால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து ஜன்னல் வழியாக அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இங்க பாருங்க. இது ஒங்க வீட்டம்மாவோட கிருமி. பச்சையா இருக்கே, அதெல்லாம் கிருமி. இந்த வட்டத்துக்குள்ள ஒன்னுகூட உசுரோட இல்ல."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எதப் போட்டாங்க?"

"கடல்ல வளர்ற பாசிங்க ஐயா. அதுலருந்து பல்கலைக்கழகத்துல ஒரு தம்பி எடுத்த சாறு."

"கடப்பாசியா? நோன்பு நேரத்துல பாய் கடையில விப்பாங்களே, கூழு மாதிரி செய்றது?"

அவள் சிரித்துவிட்டாள். "அது வேறங்க. இது பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும். மண்ணு கலரு. குட்டிக் குட்டியா காத்தடைச்ச உருண்டை இருக்கும், அமுக்குனா வெடிக்கும். தெக்குப் பக்கம் ரயிலு போற வழியெல்லாம் கெடக்கு."

"அப்ப இருக்கு" என்றார் மாயாண்டி.

"இருக்குங்க. ஆனா இன்னும் மருந்தா வரல" என்றாள் ஷெரோமி. அவர் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் கிஷாந்திடம் பேசுகிற அவசரம் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாட்டிலிருந்து ஆள் வந்து அவளை அழைத்துப் போனார். அறுவைச் சிகிச்சை செய்கிற சேர்ஜன் நோயாளியிடம் முக்கியமான விஷயம் பேச வேண்டும், அன்றைக்கு முறையில் இருந்த நர்ஸ்களுக்குத் தமிழ் வராது, ஷெரோமிதான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். அவள் போய் நின்றது அம்மாக்கண்ணுவின் கட்டிலோரம். அதுவரை அவளுடைய சீழையும் ரத்தத்தையும் பார்த்திருக்கிறாளே தவிர, ஆளைப் பார்த்ததில்லை. சின்ன உருவம். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. காதில் தோடு கழற்றிய ஓட்டையில் வேப்பங்குச்சி.

சேர்ஜன் சிங்களத்தில் சொன்னார். இன்றைக்கே முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுக்க வேண்டும். நாளைக்கென்றால் நாளைக்கு. அதற்கு மேல் தள்ளினால் ரத்தத்தில் கலந்துவிடும், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஷெரோமி ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்.

அம்மாக்கண்ணு பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். "அவரு வரட்டும் தாயி. அவரு இல்லாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"எங்க போயிருக்காரு?"

"கடலுக்கு." அம்மாக்கண்ணுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கடல்ல ஏதோ பாசி இருக்காம், அதப் போட்டா இந்தக் கிருமி செத்துருமாம். எடுத்தாரேன்னு காலையில ரயிலேறிட்டாரு. அது வந்துட்டா கால வெட்டத் தேவையில்லியாம்."

ஷெரோமி கட்டிலோரம் குனிந்தாள். "அம்மா, அதெல்லாம் சரிவராதும்மா. அது இன்னும் மருந்தே இல்ல. டொக்டரு சொல்றத கேளுங்க."

"ஒனக்குத் தெரியாது தாயி. லேப்புல இருக்கிற மிஸ் போனுல படமே காட்டுனாங்களாம்."

அந்த மிஸ் நான்தான் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு வாய் எழவில்லை. சேர்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"கணவர் வந்தால்தான் சம்மதிப்பாராம் சேர்" என்று சிங்களத்தில் சொன்னாள் ஷெரோமி. மீதியைச் சொல்லவில்லை.

மாயாண்டியின் போனுக்கு அடித்தார்கள். அது அணைந்திருந்தது. கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற மகள் நிஷாந்திக்கு அடித்தார்கள். அவளுக்கும் அப்பா எங்கே என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை சேர்ஜன் மறுபடி கேட்டார், நர்ஸ் கேட்டாள், பக்கத்துக் கட்டில் காளியாயி கூடச் சொல்லிப் பார்த்தாள். அம்மாக்கண்ணு தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள். ஷெரோமி அன்று வாட்டுப் பக்கம் போகவில்லை. போய், நான்தான் அந்த லேப் மிஸ், நான் சொன்னது தப்பு, கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லவேண்டும் என்று நாலு தடவை எழுந்தாள். நாலு தடவையும் வேறு ஏதோ தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்துக் கிருமியின் படத்தை நோயாளி வீட்டாருக்குக் காட்டியது வெளியே தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்ற பயமும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூட ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று சாயந்திரம் கிஷாந்த் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, ஆட்டு ரத்தத்துல போட்டுப் பாத்தோம். சிவப்பணு எல்லாம் ஒடஞ்சி போகுது. கிருமிய கொல்ற அளவு போட்டா ரத்தத்தயும் கொல்லுது."

"சாற இன்னும் பிரிச்சிப் பாக்கலாம்ல? ரெண்டும் ஒரே பொருள்தான்னு எப்பிடி சொல்ற?"

"பிரிச்சும் பாத்தாச்சிக்கா. எந்தப் பகுதி கிருமிய கொல்லுதோ அதேதான் ரத்தத்தயும் ஒடைக்குது. சேர் இத விட்டுட்டு அடுத்த பாசிய எடுக்கச் சொல்லிட்டாரு."

மாயாண்டி வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாட்டுக்குப் போகவில்லை. நேரே லேப் வாசலுக்கு வந்தார். தோளில் கொழுந்துச் சாக்கு. சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் முதுகெல்லாம் நனைத்திருந்தது. கட்டியிருந்த சாரத்தில் உப்புக் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. சாக்கை இறக்கியதும் அழுகல் வாடை நடைபாதை முழுக்க அடித்தது.

"கொண்டாந்துட்டேன் மிஸ்." மூச்சு வாங்கியது அவருக்கு. "கொழும்பு கோட்டையில எறங்கி காலிக்குப் போற ரயிலப் புடிச்சேன். பாறை தெரிஞ்ச எடத்துல எறங்கிட்டேன். கடப்பாசின்னு சிங்களத்துல, முஹுது பாசி முஹுது பாசின்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறானுங்க. வல காயப்போட்டுக்கிட்டு இருந்த ஒரு ஐயாதான் கூட்டிப்போய் காட்டுனாரு. இடுப்பளவு தண்ணியில எறங்கிட்டேன். ஒரு அல தூக்கிப் போட்டுச்சி, போனு போயிருச்சி. பரவாயில்ல. நீங்க சொன்ன உருண்டை எல்லாம் இருக்கு, பாருங்க."

சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினார். அதே பாசிதான். அவர் தப்பாக எடுத்துவரவில்லை. இரண்டு நாள் வெயிலிலும் ரயிலிலும் கிடந்து, பாதி கறுத்துக் கூழாகியிருந்தது.

"ஐயா, மொதல்ல வாட்டுக்குப் போங்க. அம்மாவுக்கு ஆப்பரேசன் செய்யணும். ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எதுக்கு ஆப்பரேசன்? இதத்தான் கொண்டாந்துட்டேனே. நீங்க இதுலருந்து சாறு எடுங்க."

"இங்க எடுக்க முடியாதுங்க."

"அப்ப அந்தத் தம்பிக்கு அனுப்புங்க. இல்லாட்டி நானே கொண்டு போறேன், எங்கன்னு சொல்லுங்க."

ஷெரோமி அவர் கையைப் பிடித்தாள். "ஐயா, அந்தச் சாறு கிருமியக் கொல்லும். ரத்தத்தயும் சேத்துக் கொல்லும். நேத்துதான் தெரிஞ்சிச்சி. அத ஒடம்புல போடவே முடியாது. எந்தக் காலத்துலயும் முடியாது."

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "ஒன்னுகூட உசுரோட இல்லன்னு காட்டுனீங்களே."

"அது தட்டுலங்க ஐயா. வெறும் தட்டுல."

மாயாண்டி சாக்கைப் பார்த்தார். பிறகு வாட்டுப் பக்கம் நடந்தார். பத்தடி போனதும் ஓட ஆரம்பித்தார்.

அவர் சொன்னதும் அம்மாக்கண்ணு மறுக்காமல் கையெழுத்து வைத்தாளாம். அன்று மாலை ஐந்து மணிக்குக் காலை எடுத்தார்கள். ஷெரோமியின் மேசைக்கு அவளுடைய ரத்தம் வந்தபோது, அதில் அந்தக் கிருமி ஏற்கனவே வளர்ந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அம்மாக்கண்ணு இறந்துபோனாள். கால் போனது அவளுக்குக் கடைசி வரை சரியாகப் புரியவில்லை, பாதம் அரிக்கிறது என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள்.

லேப் வாசலில் கிடந்த சாக்கை யார் அப்புறப்படுத்துவது என்று துப்புரவு ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஷெரோமியே கையுறை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கிற இடத்துக்கு அதை இழுத்துப் போனாள். ஈரத்தில் அது தீப்பிடிக்க வெகுநேரம் ஆனது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வாரவிடுமுறையில், அவள் வட்டகொடையில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறிப்போனாள். ஒரே கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பரா வரிசையாக இருக்கிற லயம். நாலாவது காம்பராவின் வாசலில் மாயாண்டி குந்தியிருந்தார். நிஷாந்தி உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கீங்களா மிஸ்? டீ குடிப்பீங்களா?"

ஷெரோமி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "ஒங்க அப்பாகிட்ட கடல்பாசிய பத்தி சொன்னது நான்தான். படத்த காட்டுனதும் நான்தான். அம்மாகிட்ட கையெழுத்துக் கேட்டப்ப பக்கத்துல நான் நின்னேன். நான்தான் அந்த மிஸ், நான் சொன்னது தப்புன்னு சொல்லியிருந்தா அவங்க சம்மதிச்சிருப்பாங்க. பயத்துல சொல்லாம விட்டுட்டேன்."

பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நிஷாந்தி அவளைப் பார்த்தாள், பிறகு அடக்கத்துக்கு அப்புறம் முதல் முறையாக அப்பாவைப் பார்த்தாள்.

"இவரு எங்கிட்ட ஒன்னுமே சொல்லல மிஸ்" என்றாள். "சாகக் கெடக்குறவள விட்டுட்டு எங்கயோ சுத்தப் போயிட்டீங்களேன்னு, பொணத்துக்கு முன்னால, ஊரு முழுக்க இருக்கறப்ப, கேட்டேன். கைய ஓங்கிட்டேன். அப்பவும் இவரு வாயத் தெறக்கல."

மாயாண்டி தரையைப் பார்த்தபடி இருந்தார். "சொன்னா மிஸ்ஸுக்கு வேல போயிருமேன்னுதான்" என்றார் மெதுவாக.

ஷெரோமி ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தாள். நிஷாந்தி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க? ஒங்க மனசு ஆறணும்னா? போங்க மிஸ். தயவுசெஞ்சி போயிருங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவை உள்ளே கூப்பிடவும் இல்லை.

மாயாண்டி எழுந்து பாதை வரை கூடவே வந்தார். நாளைக்குப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறீர்களா என்று ஷெரோமி கேட்டாள், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல். போகிறேன் என்றார். கீழே மலையில் புதிதாகக் கவ்வாத்து வெட்ட வேண்டியிருக்கிறதாம்.

"அந்தத் தம்பி இன்னும் பாசிய பாக்குறாராங்க?" என்று கேட்டார்.

"பாக்குறாங்க ஐயா. வேற பாசி."

"அதுல வந்துருமா?"

ஷெரோமி இந்த முறை யோசித்துத்தான் சொன்னாள். "தெரியாதுங்க. வந்தாலும் பதினஞ்சு இருவது வருஷம் ஆகும். வராமலும் போகலாம். நெறய வராமத்தான் போகும்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, மூணரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்குத்தான் என்று சொல்லி, குறுக்குப் பாதையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். லயத்தை அடைந்ததும் சாத்தியிருந்த கதவைத் தட்டாமல், வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.